எல்லாம் பச்சை டிக், ஆனால் அட்டையில் ஒன்பது மாத்திரை மிச்சம்

தாமிரபரணிக்காரி (செப்டம்பர் 2, இரவு 10.40)

கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில், தம்பி வெளிநாட்டில். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. வேளைக்கு வேளை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, தம்ளரில் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவார். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கி விழுங்குவார். எந்த மாத்திரை எதற்கு என்றுகூட அவருக்குத் தெரியாது.

இப்போதைய பட்டியல் இது. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டுக்குத் தைராக்சின் 50. டிபனுக்கு முன் சர்க்கரையைக் குறைக்கக் கிளிமிபிரைடு 1 மி.கி. டிபனுக்குப் பின் அதே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. மதியம் சாப்பிட்டபின் கால்சியம். ராத்திரி சாப்பிட்டதும் மறுபடி மெட்ஃபார்மின். படுக்கும்போது கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைட்டமின் டி 60,000 யூனிட். ஆக, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

ஜூலையில் ஊருக்குப் போனபோது அம்மாவின் போனில் ஒரு மாத்திரை ஆப் போட்டுக் கொடுத்தேன். நேரம் வந்தால் போன் கத்தும். 'எடுத்தாச்சு' பொத்தானை அமுக்கினால் என் போனில் பச்சை டிக் விழும். அமுக்காவிட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கத்திக்கொண்டே இருக்கும், எனக்கும் தகவல் வரும். முதல் வாரம் இரண்டு மூன்று தடவை தகவல் வந்தது, நான் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அதன் பிறகு ஒரே பச்சை. ஆறு வாரமாகத் தினமும் ராத்திரி அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் பிள்ளையார் சதுர்த்திக்குப் போய் நாலைந்து நாள் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி, அடுத்த மாதத்துக்கு மாத்திரை வாங்கலாமே என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். ஜூலை 20-ம் தேதி, தினம் ஒன்று போடும் மாத்திரைகளை அறுபது அறுபதாக வாங்கி வைத்திருந்தேன். ஆகஸ்ட் 30 வரை 42 நாள். ஒவ்வொன்றிலும் 18 மிச்சம் இருக்க வேண்டும். டெல்மிசார்டன் 27 இருந்தது. அட்டோர்வாஸ்டாட்டின் 26. சரி, மறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கிளிமிபிரைடு 15-தான் இருந்தது. அதாவது மூன்று நாள் இரண்டு தடவை போட்டிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கேட்டால் அம்மா சொன்ன பதில்: "அது கெடந்து கத்துதேட்டி, அமுக்காம என்ன செய்ய? கை வேலையா இருக்கும். அமுக்கிட்டு, அப்புறம் போட்டுக்கிடலாம்னு நெனைப்பேன். பெறவு மறந்துரும்."

கூடுதலாகப் போனது எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "சில நா போட்டுருப்பேன், இல்ல போடலையோன்னு ஒரு சம்சயம். அந்நேரம் பாத்து போனு கேக்கும். அது கேக்குதுன்னா நாம போடலைன்னுதான அர்த்தம்?"

ஆகஸ்டில் ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியதாம். பக்கத்து வீட்டு அக்காதான் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்திருக்கிறார். நான் பயப்படுவேன் என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. அன்றைய தேதிக்கும் என் போனில் ஆறு பச்சை டிக் அழகாக இருக்கிறது.

இனி என்ன செய்வது? அம்மா கோயம்புத்தூருக்கு வர மாட்டார், அதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். நினைவு மறதி நோய் எதுவும் இல்லை. தமிழ் சரளமாக வாசிப்பார், எழுதுவார். 1982-ல் சத்துணவுத் திட்டம் ஆரம்பித்தபோதே அமைப்பாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கப் படம் தினமும் நாற்பது பேருக்கு அனுப்புகிறார். அதனால் போன் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. வேறு ஆப் இருக்கிறதா, இல்லை நான்தான் தப்பாகச் செய்கிறேனா?

---

நாலுகாசு (செப்டம்பர் 2, இரவு 11.15)

கூடத்தில் ஒரு சின்னக் கேமரா வைத்துவிடுங்கள், முடிந்தது கதை. இல்லாவிட்டால் நேரத்துக்குத் தானாகத் திறக்கும் மாத்திரை டப்பா விற்கிறார்கள். கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான்.

---

தாமிரபரணிக்காரி (செப்டம்பர் 2, இரவு 11.30)

கேமரா வேண்டாம் சார். அம்மா தலை காய வைப்பதும் மதியம் பாய் போட்டுப் படுப்பதும் அந்தக் கூடத்தில்தான். அந்த டப்பாவைப் பற்றி விசாரிக்கிறேன். ஆனால் அதில் வாரா வாரம் மாத்திரை நிரப்புவது யார்?

---

செல்போன்வைத்தியர் (செப்டம்பர் 3, காலை 7.05)

அக்கா, கிளிமிபிரைடு மூன்று கூடப் போனதற்கு உங்கள் அம்மா மட்டும் காரணம் இல்லை என்று தோன்றுகிறது. போனும் கூட்டாளியாக இருக்கலாம்.

மேசையில் அசையாமல், திரை அணைந்து, சார்ஜரும் போடாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்தே இப்படித்தான். அப்படித் தூங்கும்போது சாதாரண ஆப்களின் வேலையெல்லாம் தள்ளிப்போகும். போனோடு வரும் கடிகார அலாரம் மட்டும் டாணென்று அடிக்கும். மற்ற ஆப்கள் துல்லியமான நேரத்துக்கு அடிக்க வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதற்கென்றே ஒரு தனி அனுமதி இருக்கிறது. இது போதாதென்று சில கம்பெனிகள் தங்கள் பங்குக்கும் பின்னணி ஆப்களை அணைத்துவிடுகின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். 7.45-க்கு அடிக்க வேண்டியது அடிக்கவில்லை. அம்மா பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எட்டரைக்கு யாரோ போன் பண்ணியதும் திரை விழிக்கிறது, கூடவே "மாத்திரை எடுத்தீர்களா?" என்று இதுவும் விழிக்கிறது. அம்மா சொன்ன "அந்நேரம் பாத்து போனு கேக்கும்" இதுதானோ என்னவோ.

பக்கத்தில் இளசுகள் யாராவது இருந்தால் இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்தால் 'ஆப்ஸ் தகவல்' வரும். உள்ளே பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு எதுவும் இல்லாதபடி மாற்ற வேண்டும். அலாரம், நினைவூட்டலுக்கான அனுமதி ஆன் ஆகியிருக்க வேண்டும். அறிவிப்பு அனுமதியும் பார்க்க வேண்டும், ஆண்ட்ராய்டு 13-லிருந்து அதையும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பல மாதம் திறக்காத ஆப்பிடமிருந்து அனுமதிகளைப் பறிக்கும் வசதி ஒன்று உண்டு, அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் சத்தம். ரிங் சத்தம் வேறு, அலாரம் சத்தம் வேறு, வீடியோ சத்தம் வேறு. பெரியவர்கள் பக்கத்துப் பட்டனை அமுக்கி ஒன்றைக் குறைத்தால் எது குறைந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

'அறிவிப்பு வரலாறு' என்று அமைப்புகளில் தேடினால், அதை ஆன் செய்த பிறகு வரும் அறிவிப்புகள் எத்தனை மணிக்கு வந்தன என்று ஒரு நாள் வரைக்கும் காட்டும். இன்றைக்கே ஆன் செய்யச் சொல்லி நாளைக்குப் பாருங்கள். என் ஊகம் சரியா என்று தெரிந்துவிடும்.

---

தாமிரபரணிக்காரி (செப்டம்பர் 4, இரவு 9.20)

தம்பி, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், அவனை விட்டுப் பார்த்தேன். 7.45-க்கு வர வேண்டியது 8.32-க்கு வந்திருக்கிறது. 8.30-க்கு வர வேண்டியது 9.14-க்கு. நீங்கள் சொன்னதையெல்லாம் மாற்றிவிட்டான். அம்மாவைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார்.

ஆனால் நேரத்துக்கு அடித்தாலும் அமுக்கிவிட்டு மறப்பது அப்படியேதானே இருக்கும்?

---

மாத்திரைக்காரர் (செப்டம்பர் 5, காலை 6.10)

முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் காலையில் நண்பர் மெடிக்கலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், வீட்டில் இருந்தால் சண்டை வருகிறது.

அம்மா, ஆப்பை விடுங்கள். முதலில் அந்த ஆறு தடவையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 76 வயதுப் பெண்மணி ஒரு நாளைக்கு ஆறு முறை மாத்திரை டப்பாவைத் திறக்க வேண்டும் என்றால், போன் என்ன, பக்கத்தில் நர்ஸே நின்றாலும் தப்பு வரும்.

கிளிமிபிரைடு முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போடக்கூடிய மாத்திரைதான். மெட்ஃபார்மினும் சாப்பாட்டோடு. டெல்மிசார்டனுக்குச் சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை. அப்படியென்றால் டிபன் தட்டு முன்னால் வந்ததும் மூன்றையும் ஒரே தடவையில் போட்டு முடிக்கலாமா என்று கேளுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், படுக்கும்போதுதான் போட வேண்டும் என்பதில்லை. ராத்திரிச் சாப்பாட்டு மெட்ஃபார்மினோடு சேர்க்கலாமா என்று கேளுங்கள். ஆறு நாலாகிவிடும். தைராக்சினை மட்டும் யாரோடும் சேர்க்க முடியாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரைமணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியத்துக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மதியம் என்பதால் அது சரியாக இருக்கிறது, தொடாதீர்கள். இதையெல்லாம் நீங்களாக மாற்றிவிடாதீர்கள், டாக்டர் சொன்ன பிறகுதான்.

இரண்டாவது, கிளிமிபிரைடு. உங்கள் பட்டியலில் இரண்டு தடவை போட்டால் உடனே ஆளைத் தள்ளக்கூடியது அது ஒன்றுதான். அட்டோர்வாஸ்டாட்டின் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகாது. பக்கத்து வீட்டு அம்மா சீனித் தண்ணீர் கொடுத்தது சரியான காரியம். மூன்று டீஸ்பூன் சீனி, பதினைந்து நிமிஷம் கழித்துச் சர்க்கரை மீட்டரில் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த வகை மாத்திரையில் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். அதனால் தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் சாப்பிடவும் கொடுத்து, அன்றைக்கு முழுக்க யாராவது கூட இருக்க வேண்டும், டாக்டருக்கும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு எதையெல்லாம் தவிர்க்கலாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பீர்ஸ் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறது. 2023-ல் புதுப்பித்தபோது இந்த மாத்திரைக் குடும்பத்தையே முதல் தேர்வாக எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அவரைப் பார்க்கும் டாக்டருக்குத்தான் தெரியும். ஆனால் ஆகஸ்டில் வேர்த்ததை அவரிடம் சொல்லாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

"போட்டோமா இல்லையா" என்ற சந்தேகம் வந்தால் கிளிமிபிரைடை விட்டுவிட வேண்டும். இதை அம்மா மனதில் பதிய வையுங்கள். போன் எத்தனை தடவை கேட்டாலும் சரி.

அப்புறம் மாத்திரையின் முகம். ஒரே மருந்து, கம்பெனி மாறினால் நிறம் மாறும், அட்டை மாறும். "வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் ராத்திரி" என்று ஆப்பில் படம் போட்டு வைத்திருப்பீர்கள், அடுத்த மாதம் மஞ்சளே வெள்ளையாக வரும். பழைய அட்டையில் மிச்சமும் இருக்கும், புதியதும் வரும், இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துச் சேர்த்துப் போட்டவர்களை வாராவாரம் பார்க்கிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள் தனியார் டாக்டரிடமும் காட்டினால், இரண்டு சீட்டையும் ஒருவரிடமே காட்டி விட வேண்டும். மருந்தின் பெயர் பார்த்து வாங்குங்கள், கம்பெனிப் பெயர் பார்த்து அல்ல. அட்டையை வெட்டி வாங்காதீர்கள், தேதி இருக்கிற துண்டு கடையிலேயே தங்கிவிடும். 2023 ஆகஸ்ட் 1-லிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம். போன் கேமராவைக் காட்டினால் மருந்தின் பெயர், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் பெரிய எழுத்தில் வரும். பொடி எழுத்து தெரியாத கண்ணுக்கு அது ஒரு உபகாரம்.

ஞாயிற்றுக்கிழமை வைட்டமின் டி இன்னும் எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்கு எழுதியதை எட்டு மாதம் போடுகிறார்கள். வேறு யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதை மட்டும் ஆப்பை நம்பி விடாதீர்கள், ஒரு மனிதர் கையில் எடுத்துக் கொடுங்கள்.

---

அறந்தாங்கிக்காரன் (செப்டம்பர் 5, மதியம் 1.45)

எங்க அத்தாவுக்கு 81. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம், மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டன் போன்தான். நான் சென்னையில்.

எங்கள் ஏற்பாடு ரொம்பச் சின்னது. மாத்திரை போட்டதும் அத்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எடுக்க மாட்டேன், காசும் கிடையாது. காலை ஒன்பதேகாலுக்குள் வரவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். மூன்று வருஷமாக ஓடுகிறது. அக்கா சொன்ன பச்சை டிக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் எனக்குத் தோன்றுகிறது. அங்கே சத்தத்தை நிறுத்த அமுக்குகிறார்கள். இங்கே யாரும் கத்தவில்லை, அவராக விழுங்கிவிட்டு, அவராகச் செய்கிறார். போட்டுவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் போனைத் தொடுவேன் என்று அவரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்.

அவருக்கு அலாரமும் உண்டு, ஆனால் என் மகள் குரலில். என் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைச் சிம் இல்லாமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் எப்போதும் சார்ஜிலேயே போட்டு வைத்திருக்கிறேன். "அய்யா, சாப்புட்டு மாத்திரை போட்டாச்சா?" என்று அவள் பேசியதைப் பதிந்து, போனோடு வந்த கடிகாரத்தில் அலாரச் சத்தமாக வைத்துவிட்டேன். முதல் நாள் பதிலெல்லாம் சொன்னாராம்.

நோன்புக்கு இரண்டு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றி வாங்கிவிடுவோம், சுகர் மாத்திரை அளவும் மாறும். அந்த மாதத்தில் அலாரத்தையும் மாற்ற வேண்டும், போன ரமலானில் மறந்துவிட்டேன். நோன்பு வைத்திருக்கும் மனுஷனைப் பார்த்துக் காலை எட்டரைக்குப் பேத்தி "சாப்புட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

---

தாமிரபரணிக்காரி (அக்டோபர் 12, இரவு 9.50)

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வந்து சொல்கிறேன் என்று நினைத்தேன், கொஞ்சம் கூடவே ஆகிவிட்டது.

டாக்டரைப் பார்த்தோம். மாத்திரைக்காரர் ஐயா சொன்னபடி எழுதிக்கொண்டுதான் போனேன். ஆறு இப்போது நாலு. வைட்டமின் டி நின்றுவிட்டது, அது எப்போதோ முடிந்திருக்க வேண்டியதாம். மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை 7.1 வந்தது. கிளிமிபிரைடை இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம், டிசம்பரில் பார்த்துவிட்டு நிறுத்தலாமா என்று சொல்கிறேன் என்றார். "டிபன் இல்லைன்னா அந்த மாத்திரையும் இல்லை" என்று அம்மாவிடமே இரண்டு தடவை சொன்னார்.

ஆப்பைத் தூக்கிவிட்டேன். மிஸ்டு கால் யோசனையை அம்மாவிடம் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, ஒனக்கு ஆஜர் சொல்ல?" என்றார். பிறகு எதையோ யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு நீள நோட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். தேதி, ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு, குறிப்பு. அரிசிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் எத்தனையோ வருஷம் எழுதிய அதே பதிவேடு. ஒரு மாத்திரைக்கு ஒரு பக்கம். நான் எண்ணிப் பார்த்துத்தான் குட்டு வெளிப்பட்டது என்பதால் எண்ணும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மற்றவர் வந்து இருப்பைச் சரிபார்ப்பது என்பது அவருக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காத விஷயம்.

ராத்திரி சாப்பிட்டு மாத்திரை போட்டதும் அன்றைய கணக்கை எழுதி, அட்டைகளை நோட்டின் மேல் பரப்பி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். அதில் நான் பெரிதாக்கி எண்ணிக்கொள்ளலாம். போனோடு வந்த கடிகாரத்தில் நாலு அலாரம் மட்டும், என் மகன் குரலில், அறந்தாங்கித் தம்பி புண்ணியத்தில். அட்டைக்கு மேல் பேனாவால் தேதியும் எழுதிவிடுகிறார். அதனால் "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம் வந்தால் போனைக் கேட்காமல் அட்டையைப் பார்க்கிறார்.

34 நாளில் மூன்று தடவை விட்டுப்போயிருக்கிறது. மூன்றும் ராத்திரி வேளை. குறிப்பு என்ற இடத்தில் ஒன்றில் "சீரியல் பார்த்தவாறே உறங்கிவிட்டபடியால் உட்கொள்ளப்படவில்லை" என்று எழுதியிருந்தார். கிளிமிபிரைடு ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. நடுவில் ஒருநாள் இருப்பில் இரண்டு உதைத்தது. பார்த்தால் மெடிக்கலில் இரண்டு அட்டையை முப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கம்பெனி அட்டையில் பதினாலுதான். அம்மா நோட்டோடு கடைக்குப் போய்விட்டார். கடைக்காரருக்கு அன்றைக்குப் போதாத காலம்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். இந்த மாதக் கடைசியில் கந்த சஷ்டி. ஆறு நாளும் விரதம் இருப்பேன் என்கிறார், வருஷா வருஷம் இருப்பதுதான். டிபன் இல்லையென்றால் கிளிமிபிரைடு இல்லை, அது புரிகிறது. காலையில் ஒரு தம்ளர் பாலும் இரண்டு பழமும் எடுத்துக்கொள்வாராம். அது டிபன் கணக்கில் வருமா வராதா என்று என்னிடம் வாதாடுகிறார்.

---

மாத்திரைக்காரர் (அக்டோபர் 13, காலை 6.05)

வராது. அதை நம்பி அந்த மாத்திரையைப் போட வேண்டாம். மற்றவற்றை என்ன செய்வது என்று சஷ்டி தொடங்கும் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், ஆறு நாள் என்பது ரொம்ப நாள். மீட்டரில் தினம் இரண்டு தடவையாவது பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அவர் எழுதுவார். 70-க்குக் கீழே போனாலோ வேர்த்தாலோ சீனித் தண்ணீர் குடித்துவிட வேண்டும், அன்றோடு விரதம் முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இந்தத் தடவை உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விரதம் இருக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டம்மா பத்து வருஷமாக அப்படித்தான் இருக்கிறார்.

---

தாமிரபரணிக்காரி (அக்டோபர் 13, காலை 8.20)

கேட்டேன். "ஒரு இட்லி" என்று இறங்கி வந்திருக்கிறார். டாக்டருக்கு மதியம் போன் போடுகிறேன்.